முத்து இறங்கிய துறை

புரட்டாசி பிறந்துவிட்டால் திருநெல்வேலிச் சீமையின் டவுன் பஸ்களில் காளி ஏறுவாள். உடம்பெல்லாம் நீலமோ கறுப்போ பூசி, வாயோரம் கோரைப்பல் வைத்து, இடுப்பு வரை தொங்கும் சடைமுடியோடு, கழற்றிய கிரீடத்தை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள். அடுத்த இருக்கையில் ஒரு ராஜா. பின்னால் கரடி, டாக்டர், சேலை கட்டிய ஆண்கள், கிழிந்த பனியனில் ஒரு பிச்சைக்காரர். யாரும் திரும்பிப் பார்த்துச் சிரிப்பதில்லை. ஆச்சி ஒருத்தி எழுந்து காளியைக் கும்பிட்டு, முந்தியில் முடிந்து வைத்திருந்த பத்து ரூபாயை அவிழ்த்துத் தட்டில் போடுவாள். வேஷத்துக்குள் இருப்பவர் போன மாதம் அவள் வீட்டுக்கு வயரிங் வேலைக்கு வந்தவராக இருக்கலாம். அது ஆச்சிக்குத் தெரியும். தெரிந்தேதான் கும்பிடுகிறாள்.

அந்தக் காசு போய்ச் சேரும் இடம் குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் உண்டியல். சுற்று வட்டாரத்தார் வாயில் அந்த ஊர் 'குலசை'. திருச்செந்தூரிலிருந்து கடலோரச் சாலையில் தெற்கே போனால் அரை மணி நேரம். தசராவின் பத்து நாளும், அதிலும் விஜயதசமி இரவும், அங்கே திரளும் கூட்டத்தை மைசூர் தசராவுக்கு அடுத்தபடியாகச் சொல்வது வழக்கம். கூட்டத்தின் கணக்கைச் செய்தித்தாள்கள் எழுதுகின்றன. போலீஸ் பந்தோபஸ்தையும் சிறப்புப் பேருந்துகளையும் எழுதுகின்றன. நான் எழுத நினைப்பது வேறொன்று. ஒரு பழைய துறைமுகம் தேய்ந்து, கப்பலும் முத்தும் போன பிறகு, அதே மணலில் ஒரு நிகழ்த்துகலை இவ்வளவு பெரிதாக எழுந்து நின்றது எப்படி? குலசை வேஷத்தை நாம் இன்னும் கலை என்ற கண்ணோடு சரியாகப் பார்க்கவில்லை என்பது என் எண்ணம்.

துறைமுகத்திலிருந்து தொடங்க வேண்டும். இந்தக் கரையில் துறைமுகங்கள் நிலைத்து நின்றதில்லை. இடம் மாறிக்கொண்டே இருந்தன. அதற்குத் தாமிரபரணி ஒரு காரணம். பொதிகையில் பிறந்து, சுமார் 125 கிலோமீட்டர் ஓடி, புன்னைக்காயலில் கடலைச் சேரும் சிறிய ஆறு அது. ஆனால் தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரண்டு பருவமழையையும் வாங்கிக்கொண்டு ஓடுவதால், நெல்லுக்கு நீரும் கடலுக்கு வண்டலும் சுமந்து வருவதை அது நிறுத்தியதே இல்லை. ஆற்றின் வாயில் மண் சேரச் சேரக் கடல் பின்வாங்கியது. சங்க காலத்தில் முத்துக்குப் பேர்போன கொற்கை இன்று வயலுக்கும் வாழைக்கும் நடுவே, கடலுக்குச் சில கிலோமீட்டர் உள்ளே கிடக்கிறது. 1968-69இல் தமிழகத் தொல்லியல் துறை அங்கே தோண்டியபோது கிடைத்த கரித்துண்டின் காலம் கி.மு. 785ஐ ஒட்டியது என்று கணித்தார்கள். அத்தனை பழைய துறையில் இன்று அலைச் சத்தம் கேட்காது.

கொற்கை மண் மூடிய பிறகு காயல் எழுந்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, ஹொர்முஸ், கிஷ், ஏடன் ஆகிய இடங்களிலிருந்து குதிரை ஏற்றிய கப்பல்கள் காயலில் வந்து நின்றதை எழுதியிருக்கிறார். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், பாண்டிய நாட்டுக் கரைகளுக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் குதிரை வந்த காலம் உண்டு என்றும், ஒரு குதிரைக்கு 220 பொற்காசு என்றும் கணக்குச் சொல்கிறார். பாண்டியனின் அவையில் அமைச்சராயிருந்த தகியுத்தீன் அப்துர் ரகுமான் காயல் துறையின் ஆட்சியைக் கையில் வைத்திருந்தார். மார்க்கோ போலோவின் காயல் எது என்று தேடி, அது பழையகாயல்தான் என்று 19ஆம் நூற்றாண்டில் நிறுவியவர் இடையன்குடியில் வாழ்ந்த ராபர்ட் கால்டுவெல். 1881இல் வெளிவந்த அவருடைய திருநெல்வேலிச் சரித்திரத்தில் இந்தத் தேடலைக் காணலாம். பிறகு காயலும் தூர்ந்தது. புன்னைக்காயலிலும் காயல்பட்டினத்திலும் வாழ்வு தொடர்ந்தது. தீவுகள் காவல் நிற்கும் தூத்துக்குடிக்கு 1876இல் ரயில் வந்தது. பெரிய வாணிபமெல்லாம் அங்கே போயிற்று.

இந்த வரிசையில் குலசேகரன்பட்டினம் கொஞ்சம் தனித்து நிற்கிறது. அதற்கு ஆற்றுவாய் கிடையாது. தெற்கே மணப்பாட்டு முனை கடலுக்குள் நீண்டு தென்மேற்குக் காற்றை மறிக்கிறது. அந்த மறைவில் உள்ள குடாதான் துறை. தாமிரபரணியின் தண்ணீர் ஊரைத் தொடவில்லை என்றாலும், ஸ்ரீவைகுண்டம் அணையின் தென்கால் பாசனமும், வெள்ளம் மிகுந்த ஆண்டில் சடையனேரிக் கால்வாயும் உடன்குடி, சாத்தான்குளம் வட்டாரக் குளங்களுக்கு அந்த ஆற்றின் மிச்சத்தைக் கொண்டுவருகின்றன. ஆற்றின் கடைமடைக்கும் அப்பால், செம்மண் தேரியும் பனையும் கடலும் சந்திக்கும் இடம் இது. ஊர்ப்பெயர் மாறவர்மன் குலசேகர பாண்டியனால் வந்தது என்பது வழக்கு. காயலுக்குக் குதிரை வந்து இறங்கிய நாட்களில் ஆண்டவன் அவன்தான்.

குலசை பெரிய துறையாக என்றும் இருந்ததில்லை. தோணித் துறை அது. கருப்பட்டியும் கருவாடும் உப்பும் இலங்கைக்குப் போகும் வழி. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரி நிறுவனத்தார் நிர்வகித்த சீனி ஆலை இங்கே நடந்தது. பதநீரிலிருந்து சீனி எடுக்கும் ஆலை. தேரிக்காட்டிலிருந்து பதநீர் கொண்டுவரவே திசையன்விளைக்கும் திருச்செந்தூருக்கும் இடையில் ஒரு சின்ன ரயில் ஓடியது. 1940இல் அந்த ரயில் நின்றது, தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டார்கள். இரண்டு ஆண்டுக்குப் பின், 1942 செப்டம்பர் 20 அன்று, 'வெள்ளையனே வெளியேறு' போராட்டத்தின் கொந்தளிப்பில் இவ்வூர் உப்பளத்தில் லோன் என்ற உப்பு அதிகாரி கொல்லப்பட்டார். காசிராஜன், ராஜகோபாலன் ஆகிய இரு இளைஞர்களுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டு, பிறகு அது குறைக்கப்பட்டது. குலசேகரன்பட்டினம் சதி வழக்கு என்று அன்று நாடு முழுவதும் பேசப்பட்டது. அதற்குப் பிறகு ஊர் அமைதியாகிவிட்டது. உப்பு மட்டும் விளைந்துகொண்டிருந்தது.

இனி முத்துக்கு வருவோம். இந்த ஊரின் தெய்வத்துக்குப் பெயரே அதில்தான் இருக்கிறது. முத்தாரம்மன் என்றால் முத்து ஆரம் பூண்ட அம்மன் என்பார்கள் சிலர். முத்தை ஆற்றும் அம்மன், முத்து-ஆற்று-அம்மன் என்பார்கள் வேறு சிலர். இரண்டாவது முத்து கடலில் விளைவதன்று. அம்மை நோயில் உடம்பில் விளைவது. "பிள்ளைக்கு முத்து போட்டிருக்கு" என்று சொல்லி, வாசலில் வேப்பிலை கட்டி, வீட்டில் தாளிப்பதைக்கூட நிறுத்திவிட்டுக் காத்திருந்த நாட்களைக் கண்ட தலைமுறை இன்னும் இருக்கிறது. "முத்து இறங்கிட்டு, தலைக்குத் தண்ணி விட்டாச்சு" என்ற வாக்கியத்தைப் போல ஆறுதல் தரும் வாக்கியம் அந்த வீடுகளில் வேறு இருந்திருக்காது. கொப்புளத்தை நோய் என்று சொல்ல நாக்கு கூசி, அதை முத்து என்றே சொன்ன மரியாதை, முத்துக்குளிக்கும் கரையில் தனிப் பொருள் கொள்கிறது. கடலுக்குள் மூழ்கியவன் முத்தோடு ஏறுவானா, ஏறாமலே போவானா என்று அறிய முடியாதது போலத்தான் அம்மை கண்ட பிள்ளையின் நிலையும். இரண்டிலும் கொடுப்பவளும் எடுப்பவளும் ஒருத்தியே.

அந்த இரண்டு முத்தும் ஏறத்தாழ ஒரே காலத்தில் போய்விட்டன. மன்னார் வளைகுடாவில் முத்துப் பார்களைச் சோதித்து, அரசு அறிவித்து, ஆயிரக்கணக்கானோர் கூடி நடந்த குளிப்புக்குச் சலாபம் என்று பெயர். மார்க்கோ போலோ இதையும் கண்டெழுதியிருக்கிறார். சுறாவின் வாயைக் கட்ட மந்திரிப்பவர்களுக்கு முத்தில் ஒரு பங்கு போனதைச் சொல்கிறார். பிற்காலத்தில் அவர்களைக் கடல்கட்டி என்று அழைத்தார்கள். தூத்துக்குடிக் கடலில் கடைசிச் சலாபம் நடந்தது 1961இல். அதன்பின் பார்கள் தேறவில்லை. பெரியம்மையோ 1975இல் இந்தியாவிலிருந்து ஒழிந்தது. 1980இல் உலகத்திலிருந்தே ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. முத்துக் குளிப்போரும் இல்லை, முத்துப் போட்ட பெரியம்மையும் இல்லை என்றான பின், முத்தாரம்மனைத் தேடி வருவோர் குறைந்திருக்க வேண்டுமல்லவா? நடந்தது நேர்மாறு. குலசை தசராவின் இன்றைய பெருக்கம் இதற்குப் பிந்தைய பத்தாண்டுகளைச் சேர்ந்தது. எந்தத் தேவைக்காக ஒரு தெய்வம் எழுந்ததோ அந்தத் தேவை தீர்ந்த பிறகும் கும்பிடும் முறை நின்றது. நின்றதோடு, வேறு ஆயிரம் தேவைகளுக்கு இடம் கொடுத்தது.

கும்பிடும் அந்த முறையைப் பேசுமுன், இந்த வட்டாரத்தின் மற்ற இரண்டு கலைகளைச் சொல்லாமல் நகர முடியாது. அவற்றோடு வைத்துப் பார்த்தால்தான் வேஷம் விளங்கும்.

தாமிரபரணிக்குத் தெற்கே, நாஞ்சில் நாடு வரைக்கும், அம்மன் கோயிலிலும் சுடலைமாடன் கோயிலிலும் ஆண்டுக்கொரு முறை கொடை நடக்கும். கொடை என்றால் வில்லுப்பாட்டு உண்டு. மணி கட்டிய நீண்ட வில்லைக் குடத்தின் மேல் கிடத்திக் கட்டி, வீசுகோலால் நாணை அடித்துப் பாடும் புலவர்; குடத்தின் வாயில் தட்டித் தாளம் எழுப்புபவர்; உடுக்கை, ஜால்ரா, கட்டை. 'ஆமா' போடுகிற ஒரு பின்பாட்டுக்காரர் இல்லாமல் கதை நகராது. தெய்வத்தின் பிறப்பையும் அலைச்சலையும் மண்ணுக்கு வந்து நிலையம் கொண்டதையும் பாடிக்கொண்டே வருவார்கள். உச்சப் பொழுதில் வரத்துப் பாட ஆரம்பித்ததும் கோமரத்தாடி எழுந்துவிடுவார். அவர்மேல் சாமி வந்துவிடும். கதை கேட்டுக்கொண்டிருந்த கூட்டம் அந்த நொடியில் கதைக்குள் இருக்கும். முத்தாரம்மன் கதையும் சுடலைமாடன் கதையும் முத்துப்பட்டன் கதையும் இப்படித்தான் உயிரோடு இருந்து வந்திருக்கின்றன. நாங்குநேரிக்காரரான பேராசிரியர் நா. வானமாமலை இக்கதைகளைத் திரட்டிப் பதிப்பித்து, 1969இல் பாளையங்கோட்டையிலிருந்து 'ஆராய்ச்சி' இதழைத் தொடங்கினார். அதே பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியலுக்கு ஒரு துறையும் ஆய்வு மையமும் உருவாயின. வெளிநாட்டிலிருந்து வந்த ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் வில்லுப்பாட்டை ஆராய்ந்து 1988இல் நூல் எழுதினார். சத்திரம் புதுக்குளத்தில் பிறந்த சுப்பு ஆறுமுகம் காந்தி கதை வரைக்கும் வில்லில் ஏற்றி, வானொலியிலும் சென்னை மேடைகளிலும் அதைக் கேட்க வைத்தார். 2021இல் பத்மஸ்ரீ பெற்று, அடுத்த ஆண்டு மறைந்தார். வில்லுப்பாட்டுக்கு ஆய்வாளரும் கிடைத்தார்கள், தூதரும் கிடைத்தார்கள்.

கணியான் கூத்துக்கு அந்தப் பேறு குறைவு. மகுடம் என்ற வட்டப் பறை இரண்டு, ஒன்று உச்சம், மற்றது மந்தம். பாடுகிற அண்ணாவி, பெண் உடை கட்டி ஆடுகிற ஆண்கள். தோலைத் தீயில் காட்டிச் சூடேற்றி, கையாலேயே அடிப்பார்கள். சுடலைமாடன் கொடையில் நள்ளிரவுக்கு மேல் மகுடம் கேட்டவர்களுக்கு அந்த மந்தத்தின் அதிர்வு நெஞ்செலும்பில் தங்கிவிடும். இதை ஆடுபவர்கள் பழங்குடிப் பட்டியலில் உள்ள கணியான் மக்கள் மட்டுமே. மக்கள்தொகையில் மிகச் சிறிய இனம்; கொடை நடத்துகிற ஊர்களுக்கோ அவர்கள் இல்லாமல் சடங்கு நிறைவதில்லை. கையைக் கீறி இரத்தம் எடுத்துத் தெய்வத்துக்குக் கொடுக்கும் கைவெட்டுச் சடங்கைச் செய்ய வேண்டியவர் கணியான்தான். ஊருக்காகத் தன் இரத்தத்தைக் கொடுத்த கலைஞனை, கொடை முடிந்த மறுநாள் ஊர் எங்கே உட்கார வைத்தது என்பது நாம் கூச்சப்பட வேண்டிய கதை.

வில்லுக்குப் பயிற்சி வேண்டும். கதை மனப்பாடமாக வேண்டும். மகுடத்துக்குப் பிறப்பே வேண்டும். வட மலபாரின் தெய்யமும் இப்படித்தான்: வண்ணான், மலயன் போன்ற குறிப்பிட்ட குலத்தாருக்கே கோலம் கட்டும் உரிமை. பாளையங்கோட்டைத் தசராவில் ஆயிரத்தம்மன் முதலாகப் பன்னிரண்டு அம்மன்களின் சப்பரங்கள் வீதி வருவதைப் பார்க்கிறோம். அங்கே மக்கள் பார்வையாளர்கள். குலசையில் மட்டும் கதவு அகலத் திறந்திருக்கிறது. நேர்ந்துகொண்டவர் எவரும் வேஷம் கட்டலாம். கதை தெரிய வேண்டாம், பாட வர வேண்டாம், தாளம் தவறினால் குற்றமில்லை. தகுதி ஒன்றே ஒன்று: விரதம்.

விரதம் என்பதைச் சும்மா சொல்லவில்லை. காளி வேஷக்காரர்கள் 41 நாள், 48 நாள் என்று முன்னதாகவே மாலை போட்டுவிடுகிறார்கள். ஒருபொழுது சாப்பாடு, பலர் தாங்களே பொங்கிச் சாப்பிடுவார்கள். வெறுந்தரையில் படுக்கை. ஊர் எல்லையிலோ கோயில் பக்கத்திலோ ஓலையால் ஒரு குடில் போட்டுக்கொண்டு, வீட்டை விட்டு அங்கேயே தங்கும் தசராக் குழுக்கள் உண்டு. 'தசரா செட்' என்பார்கள். கோயிலில் கொடியேறிய பின் காப்புக் கட்டிக்கொண்டு வேஷம் போடுவார்கள். காளிக்கு ஆகும் சாமான் கொஞ்சமல்ல. கிரீடம், சடைமுடி, கண்மலர், வெளியே தொங்கும் நாக்கு, முதுகில் கட்டும் கூடுதல் கைகள், சலங்கை. இவற்றுக்கென்றே உடன்குடியிலும் குலசையிலும் கடைகள் முளைக்கின்றன. தலையில் ஏறும் பாரத்தோடு, புரட்டாசி வெயிலில், தார்ச் சாலையில், பத்து நாள் நடப்பது விளையாட்டல்ல. நெற்றியில் கிரீடம் அழுத்திய தழும்போடு இருப்பவர்களை அந்த நாட்களில் எங்கும் பார்க்கலாம்.

எந்த வேஷம் என்பதை முடிவு செய்வது நேர்த்திக்கடன். பிள்ளை வரம், கல்யாணம், வழக்கு, தீராத நோய், வெளிநாட்டு வேலை என்று வேண்டுதல் எதுவாகவும் இருக்கும். மூன்று ஆண்டு, ஐந்து ஆண்டு, ஏழு ஆண்டு என்று கணக்கு வைத்துக் கட்டுகிறார்கள். "அம்மா கனவுல வந்து கேட்டா" என்று சொல்கிறவர்களும் உண்டு. காளி கட்டினால் மதிப்பு. அதனால் எல்லாரும் காளி கட்டுவார்கள் என்று வெளியூர்க்காரர் நினைக்கலாம். என் மனத்தைப் பிடித்தது பிச்சைக்காரர் வேஷம்தான். சொந்தமாகக் கடை வைத்திருப்பவர், வாத்தியார் வேலை பார்ப்பவர், வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்தவர் எல்லாம் அழுக்கு வேட்டி கட்டித் தகரக் குவளை ஏந்தித் தெருத்தெருவாகக் கேட்கிறார்கள். கையில் பணம் இல்லாமலா? உண்டியலில் ஒரு கட்டு நோட்டைப் போட்டுவிட்டு அவர்களால் போக முடியும். ஆனால் தன் பணம் அம்மனுக்கு ஆகாது. இரந்து பெற்றதுதான் ஆகும்.

இங்கேதான் குலசை வேஷத்தின் வேர் இருப்பதாக நான் கருதுகிறேன். அம்மை கண்ட வீட்டுத் தாய், பிள்ளை பிழைத்தால் மடிப்பிச்சை எடுத்துச் செலுத்துகிறேன் என்று வேண்டிக்கொள்வது தமிழ்நாடு முழுக்க உள்ள பழைய வழக்கம். முந்தானையை விரித்து ஏழு வீட்டிலோ ஊர் முழுவதுமோ அரிசியும் காசும் வாங்கி அம்மனுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பாள். அந்த மடிப்பிச்சையின் பெருவடிவம்தான் குலசையின் வீதிவலம். முந்தானை இருந்த இடத்தில் தட்டு வந்தது. தாய் இருந்த இடத்தில் காளி, ராஜா, கரடி, டாக்டர். அம்மை ஒழிந்த பிறகும் இந்த முறை ஒழியாததற்குக் காரணம் அதன் நடுவில் உள்ள செயல் நோயைச் சார்ந்து நிற்காததுதான். தன்னைக் குறைத்துக்கொண்டு இன்னொருவன் வாசலில் நிற்பது எந்தக் கவலைக்கும் பொருந்தும்.

நாடகக் கண்ணால் பார்த்தால் இது வியப்பான அமைப்பு. மேடை இல்லை, வீட்டு வாசல்தான் மேடை. ஒவ்வொரு வாசலிலும் காட்சி ஒரு நிமிடம். வசனம் கிடையாது. காளிக்கு மூன்று நான்கு அசைவு: வாளை உயர்த்துவது, நாக்கை நீட்டிக் கண்ணை உருட்டுவது, மேளம் ஏற ஏறச் சுழல்வது, திருநீறு பூசி விடுவது. பார்ப்பவர் சும்மா பார்த்துவிட்டுப் போக முடியாது. காசு போடுகிற கை அவருடையது, அந்தக் காசு அம்மனிடம் போகிறது, ஆகவே அவரும் நேர்ச்சையில் பங்காளி. குழந்தை பயந்து அழும். தாய் அதே காளியிடம் குழந்தையை நீட்டி நெற்றியில் திருநீறு வாங்குவாள். அந்த ஒரு நிமிடத்தில் வேஷமும் தெய்வமும் எங்கே பிரிகின்றன என்று கேட்டால், ஆடுபவருக்கும் சொல்லத் தெரியாது. நையாண்டி மேளம், தப்பு, அண்மைக்காலமாகச் செண்டை, கரகம், சிலம்பம் எல்லாம் செட்டோடு சேர்ந்து வருகின்றன. தொழில்முறைக் கலைஞர்கள் தாளம் கொடுக்க, தொழிலல்லாதவர்கள் ஆடுகிறார்கள். இந்த ஏற்பாடு வேறெங்கும் இவ்வளவு பெரிய அளவில் நடப்பதாக நான் அறிந்ததில்லை.

மேலை நாட்டார் திருவிழாக்களில் முகமூடி அணிந்து தெருவில் ஆடுவதோடு இதை ஒப்பிட்டு எழுதுகிறார்கள். அங்கே முகமூடி ஒருநாள் விடுதலை. கட்டு அவிழும் நாள். இங்கே வேஷம் போட்ட நாள் முதல் கட்டு இறுகுகிறது. காப்பு என்ற சொல்லே அதைச் சொல்கிறது.

பத்தாம் நாள் இரவு எல்லா வேஷங்களும் ஒரே கடற்கரையில் வந்து சேர்கின்றன. கோயிலுக்குள் முத்தாரம்மனும் ஞானமூர்த்தீஸ்வரரும் ஒரே பீடத்தில் இணைந்து வீற்றிருக்கிறார்கள். மயிலாடிச் சிற்பியிடம் போ என்று அம்மன் கனவில் சொல்ல, அங்கிருந்து வந்த கல் திருமேனிகள் என்பது தலவரலாறு. அன்று நள்ளிரவில் அம்மன் சிம்ம வாகனத்தில் புறப்பட்டுச் சிதம்பரேஸ்வரர் கோயில் முன்னுள்ள கடற்கரைக்கு வருகிறாள். மகிஷாசுரன் எதிரே வருகிறான். முதலில் தன் சொந்தத் தலையோடு, அது விழுந்ததும் சிங்கத் தலை, பிறகு எருமைத் தலை, கடைசியில் சேவல். ஒவ்வொன்றையும் சூலம் சாய்க்கிறது. கவனித்துப் பாருங்கள்: அசுரனும் வேஷம் மாற்றித்தான் போரிடுகிறான். மணல் முழுக்க நிற்கும் ஆயிரமாயிரம் வேஷங்களுக்கு நடுவே, தலையை மாற்றி மாற்றி வரும் ஒருவனை அம்மன் அடையாளம் கண்டு அழிக்கிறாள். கூட்டம் எழுப்பும் ஓசையில் அலைச் சத்தம் அமுங்கிவிடும். கப்பலுக்காக மக்கள் நின்ற கரை அது.

கொரோனாவின்போது 2020இலும் 2021இலும் சூரசம்ஹாரம் பக்தர்கள் இல்லாமல் கோயில் முன்பாகவே நடந்தது. அந்த ஆண்டுகளில் கடற்கரை வெறுமையாகக் கிடந்ததை ஒரு துக்கமாகவே நினைவுகூர்கிறார்கள்.

குறைகளும் இருக்கின்றன, மூடி மறைக்க எனக்கு விருப்பமில்லை. சாதிக் கொடியும் சாதி அடையாளம் போட்ட பனியனும் ரிப்பனும் குழுக்களோடு வந்துவிட்டன. அவற்றையும் உலோக ஆயுதங்களையும் கொண்டுவரக் கூடாது என்று மாவட்ட நிர்வாகம் ஆண்டுதோறும் அறிவிக்க வேண்டியிருக்கிறது. ஆபாச ஆட்டம் பற்றிய வழக்குகள் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை வரை போயிருக்கின்றன. ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு அலறும் இடத்தில் தப்புக்கு வேலை இல்லை. எனக்கு மிகவும் உறுத்துவது வேறு. குறவன், குறத்தி வேஷம் குலசையில் நெடுங்காலமாகக் கட்டப்படுவது. முருகனின் வள்ளியையும் குறவஞ்சியையும் நினைத்துக் கட்டியவர்கள் இருப்பார்கள். ஆனால் குறவர்கள் இன்று நம்மோடு வாழும் மக்கள்; அவர்கள் பெயரில் நடக்கும் ஆட்டம் தங்களை இழிவுபடுத்துகிறது என்று அவர்களே எழுந்து சொன்னார்கள். 2023இல் தமிழக அரசு குறவன் குறத்தி ஆட்டத்துக்குத் தடை விதித்தது. நேர்ச்சை என்ற பெயரில் இன்னொருவர் பிறப்பை எடுத்துச் சிரிக்க யாருக்கும் உரிமை கிடையாது. பிச்சைக்காரர் வேஷம் கட்டியவர் தன்னைத் தாழ்த்திக்கொள்கிறார். குறத்தி வேஷம் கட்டிக் கொச்சையாக ஆடுபவர் பிறரைத் தாழ்த்துகிறார். அம்மனுக்கு எது ஆகும் என்று கட்டுபவர்தான் யோசிக்க வேண்டும்.

கலப்பைப் பற்றிய புகாரை மட்டும் நான் ஏற்பதில்லை. டாக்டர் வேஷமும் செண்டையும் எப்போது வந்தன, இதெல்லாம் மரபா என்று கேட்கிறார்கள். இந்தக் கரை என்றைக்குக் கலக்காமல் இருந்தது? காயல்பட்டினத்துக் காசிம் புலவர், அருணகிரிநாதரின் சந்தத்தை எடுத்து நபிகள் நாயகத்தின்மேல் திருப்புகழ் பாடினார். கூப்பிடு தூரத்து மணப்பாட்டில் 1542இல் பிரான்சிஸ் சவேரியார் வந்து தங்கிய குகை இருக்கிறது. மணல்மேட்டின்மேல் திருச்சிலுவை ஆலயம் நிற்கிறது. அதன் திருவிழா செப்டம்பர் 14. சவேரியாரைக் கும்பிடவும் முத்தாரம்மனைக் கும்பிடவும் ஒரே சாலையில்தான் போக வேண்டும். குலசைக்குள்ளே நுழைந்தால் பள்ளிவாசல்களும் உண்டு. கப்பலில் வந்ததையெல்லாம் இறக்கி வைத்துப் பழகிய கரை, மேளத்தையும் வேஷத்தையும் மட்டும் திருப்பி அனுப்புமா?

இப்போது குலசைக்குப் புதிய சரக்கு வருகிறது. 2024 பிப்ரவரி 28 அன்று இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் இரண்டாவது ஏவுதளத்துக்கு இங்கே அடிக்கல் நாட்டினார்கள். இரண்டாயிரம் ஏக்கருக்கு மேல் நிலம். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தென்துருவப் பாதைக்கு ராக்கெட் விட்டால் இலங்கையைச் சுற்றி வளைய வேண்டும், எரிபொருள் வீணாகும். குலசையிலிருந்து நேராகத் தெற்கே கடல்தான். பழைய மாலுமிகள் காற்றுக்காகத் தேர்ந்த கரையைப் புதியவர்கள் திசைக்காகத் தேர்ந்திருக்கிறார்கள். நிலம் கொடுத்த ஊர்களைச் சுற்றிலும் காப்புக் கட்டுகிற வீடுகள்தாம். இந்த மாற்றத்துக்கு முன்பு, ஒவ்வொரு ஊரின் செட்டும் எப்போது தொடங்கியது, எந்த வேஷங்கள் வழக்கொழிந்தன, கிரீடம் செய்பவர்கள் எந்தப் பொருளிலிருந்து எந்தப் பொருளுக்கு மாறினார்கள், எந்த அடிக்குக் காளி சுழல்கிறாள் என்று பதிவு செய்ய ஆட்கள் வேண்டும். வானமாமலையின் மாணவர்கள் கதைப்பாடலைத் தேடி நடந்தது போல யாராவது பத்து நாள் ஒரு காளியின் பின்னால் நடந்தால் போதும்.

சூரசம்ஹாரத்துக்கு மறுநாள் காப்புக் களைவார்கள். அதற்கு அடுத்த நாள் அம்மனுக்குப் பாலாபிஷேகம். கடலில் முழுகி எழுகிறவர்களின் முகத்திலிருந்து நீலமும் சிவப்பும் கரைந்து அலையில் கொஞ்ச தூரம் போகும். கிரீடத்தைத் துணியில் சுற்றி வேனின் கூரையில் கட்டுகிறார்கள். அடுத்த திங்கட்கிழமை, பிடரியில் இன்னும் போகாத சாயத்தோடு, வயரிங் வேலைக்காரர் ஆச்சி வீட்டு மீட்டர் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பார். "சாப்பிட்டியா அய்யா?" என்று கேட்பாள் ஆச்சி.